புள்ளி விழாத காலனி

மடிக்கணினித் திரையில் நெய்வேலி நகரியம் விரிந்து கிடந்தது. ஒரே பிளாக்கின் இரண்டு தெருக்களில் மட்டும் அம்மை வார்த்ததுபோல் சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் டெங்கு கண்ட ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை.

சுகாதாரச் செவிலியர் கிருஷ்ணப்ரியாவுக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. அந்தத் தெருக்களில் காலையிலிருந்து குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாக ஏறி இறங்கிவிட்டாள். மாடித் தொட்டி, ஃப்ரிட்ஜின் பின்தட்டு, பூந்தொட்டி, எல்லாம் பார்த்தாயிற்று. மருந்துக்குக்கூட ஒரு கொசுப்புழு இல்லை.

"புழு இல்லாட்டி என்னம்மா, கேஸ் இருக்கே," என்றார் மேற்பார்வையாளர் பாலகுமார். "புள்ளி எங்கயோ வண்டி அங்க. இந்த வாரத்துக்கு நமக்கு இருக்கறதே ஒரு கொசு மருந்து வண்டி. நாளைக்குக் காலைல அந்த பிளாக்குக்குத்தான்."

"புள்ளியே தப்பா இருந்தா, சார்?"

"மேப்பைப் போட்டதும் நீ, தப்புங்கறதும் நீ. நல்லாருக்கு."

அவர் சொன்னதிலும் பிசகில்லை. பள்ளிக்கூடம் கொடுத்த முகவரிகளை வைத்து ஒவ்வொரு புள்ளியையும் அவள்தான் போட்டாள். இருந்தும் மனம் அடங்காமல் ஸ்கூட்டரை எடுத்தாள்.

இளவேனில் என்ற எட்டாம் வகுப்புப் பெண்ணின் முகவரியில் கதவைத் திறந்தவர் அவளுடைய மாமன் குமரவேல். சுரங்கத்தில் பர்மனென்ட் ஆள். ஷிப்ட் முடிந்து வந்தவர், சட்டைகூட மாற்றியிருக்கவில்லை.

"பாப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"தூங்குதுங்க மேடம்."

"ஒரு பார்வை பார்த்துட்டுப் போயிடறேன்."

குமரவேல் நிலையை மறித்துக்கொண்டு நின்றார். அவர் தோளுக்கு மேலாகக் கொடி தெரிந்தது. இரண்டு லுங்கி, ஒரு துண்டு. பெண்பிள்ளை இருக்கிற வீட்டுக் கொடியில் ஒரு ரிப்பன்கூடக் கிடையாதா? கிருஷ்ணப்ரியா கொடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவரும் திரும்பிப் பார்த்தார்.

"அது அக்கா வூட்டுல இருக்குதுங்க," என்றார் குரலை இறக்கி. "சுரங்கத்துக்கு அந்தாண்ட காலனி. குவார்ட்டர்ஸ் அட்ரஸ் இருந்தாத்தான் ஸ்கூல்ல சேத்துப்போம்னாங்க, குடுத்தேன். நான் ஒருத்தன்தான் குடுத்தேனா? எங்க ஊருக்காரங்க ஒண்ணா பர்மனென்ட் ஆயி இந்த ரெண்டு தெருவுலயும் குவார்ட்டர்ஸ் வாங்கினோம். அக்கா புள்ள, தங்கச்சி புள்ள எல்லாம் எங்க அட்ரஸ்லதான் படிக்குதுங்க."

பொழுது சாய்வதற்குள் காலனிக்குப் போய்ச் சேர்ந்தாள். தண்ணீர் லாரி வரும் நாளில் பிடித்து வைத்த நீல டிரம்கள் வாசலுக்கு வாசல் நின்றன. ஒன்றின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். புழுக்கள் துள்ளித் துள்ளி நெளிந்தன. அடுத்த டிரம்மிலும் அப்படியே.

குமரவேலின் அக்கா அம்சவல்லி டிரம்மைப் பிடித்தபடி நின்றிருந்தாள். சுரங்க ஆபீஸில் கான்ட்ராக்ட்டில் கூட்டிப் பெருக்குகிற வேலை. உள்ளே கொசுவலைக்குள் இளவேனில் சுருண்டு கிடந்தாள்.

"புள்ளியை இங்க மாத்திடறேன்க்கா. நாளைக்கே வண்டி வந்துடும்."

"அந்த மேப்பு ஸ்கூலுக்கும் போவுமா?"

"போகும்."

"அப்பறம் எம்பொண்ணு எங்க படிக்கும்? உன் மேப்புலயா?"

கிருஷ்ணப்ரியா புள்ளியை மாற்றவில்லை. டிரம்களைப் படமெடுத்துப் பாலகுமாருக்கு அனுப்பிவிட்டுப் போன் போட்டாள்.

"புழு ஊரெல்லாம் இருக்கும்மா. கேஸ் இல்லாத எடத்துக்கு வண்டி அனுப்பினா நான் என்ன பதில் சொல்றது? ஒரே ஒரு கேஸ் காட்டு, திருப்பி விடறேன்."

போனை வைத்துவிட்டு அவள் கேட்டாள், "இங்க பெரியவங்க யாருக்கும் காய்ச்சலே வரலையாக்கா?"

அம்சவல்லி சிரித்தாள். "வராம என்னா? மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுகினு வேலைக்குப் போறோம். ரெண்டு நாள் நின்னா வேற ஆளப் போட்டுடுவான்."

கிருஷ்ணப்ரியா அவள் மணிக்கட்டைத் தொட்டாள். அடுப்புச் சட்டிபோல் கொதித்தது.

"எத்தனை நாளா இப்படி?" என்று பையிலிருந்து டெங்குப் பரிசோதனை அட்டையை எடுத்தாள்.

அம்சவல்லி வாசற்படியில் உட்கார்ந்து விரலை நீட்டினாள். "எம்பேருல, இந்த அட்ரஸ்லயே எழுதிக்க. நான் எந்த ஸ்கூல்லயும் படிக்கல."

"டெங்குன்னா நீங்க படுத்தே ஆகணும். வேலை?"

"குத்தும்மா. அப்பறம் எனக்கு மனசு மாறிடும்."

ஒரு சொட்டு ரத்தம் பரிசோதனை அட்டையில் ஊறியது. ஒரு கோடு தெரிந்தது. அது அட்டை வேலை செய்கிறது என்பதற்கான கோடு. நோய் இருந்தால் இன்னொன்று வரவேண்டும். கிருஷ்ணப்ரியா அட்டையை வெளிச்சத்தில் திருப்பினாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். வா, வா என்று மனம் அடித்துக்கொண்டது. எதிரே உட்கார்ந்திருக்கிறவளுக்கு நோய் வரட்டும் என்றா வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்தது. ஆனாலும் கண்ணை அட்டையிலிருந்து எடுக்க முடியவில்லை.

"கோடு ஒண்ணா, ரெண்டா?" என்றாள் அம்சவல்லி.

"ரெண்டு," என்று இரண்டாவது கோட்டைக் காட்டினாள் கிருஷ்ணப்ரியா.

"அப்ப வண்டிய வரச் சொல்லு."

செல்போன் வரைபடத்தில் அந்த இடத்துக்குத் தெருப்பெயர்கூட இல்லை, வெறும் பழுப்பு நிலம். அங்கே விரலை அழுத்தி முதல் புள்ளியை வைத்துப் பாலகுமாருக்கு அனுப்பினாள். சற்று நேரத்தில் 'சரி, வண்டி அங்கே' என்று பதில் வந்தது.

"எத்தினி மணிக்கு வருவாங்க?" அம்சவல்லி எழுந்து புடவையைத் தட்டினாள். "நான் மொத ஷிப்ட் பஸ்ஸைப் புடிக்கறதுக்கு முன்னாடியா?"

"அக்கா, நாளைக்கு நீங்க வேலைக்குப் போகக்கூடாது."

அம்சவல்லி டிரம்மைச் சாய்த்து, பிடித்து வைத்திருந்த தண்ணீரைப் புழுவோடு வாசலில் கொட்டத் தொடங்கினாள்.