ஆண்டிச்சாமி கடை முக்கு

அழகுமலையிடம் வழி கேட்டால் இடித்துப்போட்ட கட்டடங்கள் வழியாகத்தான் கூட்டிவருவார். கஜலட்சுமி டாக்கீஸைத் தாண்டி, ஆண்டிச்சாமி பரோட்டாக்கடை முக்கில் திரும்பி, பருத்திப்பால் வண்டி நிற்கிற இடத்திலிருந்து மூன்றாவது சந்து என்பார். டாக்கீஸ் அபார்ட்மென்ட் ஆகிவிட்டது. பரோட்டாக்கடை இருந்த சுவடே இல்லை. பருத்திப்பால் வண்டி எங்கே போனதென்று கடவுளுக்கே வெளிச்சம். ஆனால் அழகுமலையின் செல்லூரில் எல்லாமே விளக்கைப் போட்டுக்கொண்டு இன்னும் வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தன.

டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். டாக்கீஸ் தரைமட்டமான பிறகும், ஓய்வு பெறுகிறவரை, அந்த நிறுத்தம் வந்தால் "கஜலட்சுமியெல்லாம் எறங்கு" என்றுதான் குரல் கொடுத்தார். ஜனங்களும் மறுபேச்சில்லாமல் இறங்கினார்கள். இப்போது டீக்கடையில் உட்கார்ந்து, இரண்டாம் ஆட்டம் விட்டதும் தெரு எப்படி நிறையும், கொத்துப் பரோட்டா தட்டுகிற சத்தம் வைகைக்கு அந்தப் பக்கம்வரை எப்படிக் கேட்கும், அந்தக் காலத்தில் மதுரை ஒரு நாளாவது தூங்கியதுண்டா என்றெல்லாம் பேசுவார். பேசி முடித்துவிட்டு வீட்டுக்குப் போய், சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு, சீரியல் முடிவதற்குள் தூங்கிவிடுவார்.

இந்தப் பழக்கம் மகளைக் கட்டிக்கொடுக்கிற காரியத்தில் வந்து முட்டுமென்று அவர் நினைக்கவில்லை. போன தை மாதம் பாண்டிமீனாவைப் பெண் பார்க்க மேலூரிலிருந்து ஒரு குடும்பம் புறப்பட்டு வந்தது. அழகுமலைதான் போனில் வழி சொன்னார். அவர்கள் தறிச்சத்தத்துக்கு நடுவே சந்து சந்தாக டாக்கீஸைத் தேடி, ஏதோ ஒரு மூலையில் காரைச் சுவரில் உரசி, ஆரம்பமே தடங்கலாக இருக்கிறதென்று அப்படியே மேலூருக்குத் திரும்பிவிட்டார்கள். அன்றைக்குக் கிண்டிய கேசரியை வீட்டில் நாள்கணக்கில் தின்றார்கள். அதற்கப்புறம் செல்லத்தாய் புருஷனிடம் கடைச்சாமான் வாங்கிவரச் சொல்வதென்றாலும் மகள் மூலமாகத்தான் சொன்னாள்.

இப்போது திருமங்கலத்திலிருந்து வருகிறார்கள். மாப்பிள்ளை பெயர் சூரியபிரகாஷ். ஒரு மாதமாக இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்டால் பாண்டிமீனா "பாக்கலாம்ப்பா" என்றுதான் சொன்னாள். ஆனால் மேலூர்க்காரர்கள் வருகிற அன்று காலையில் தலைக்கு எண்ணெய்கூட வைக்காதவள், இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வாரமே சேலைக்கு அயர்ன் போட்டு வைத்ததை அழகுமலை கவனித்திருந்தார். பெற்ற மனசு அதிலேயே குளிர்ந்துபோயிருந்தது.

செல்லத்தாய் நேராகப் பேசினாள், வெகுநாளைக்குப் பிறகு. "லொக்கேசன மீனா அனுப்பிக்கிருவா. நீங்க வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டு வாயப் பொத்திக்கிட்டு ஒக்காருங்க. இதுவும் தட்டிப்போச்சுன்னா, ஒங்க டாக்கீஸ்லயே போய்ப் படுத்துக்கங்க."

அவரும் உட்கார்ந்துதான் இருந்தார். போன் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா கருத்தக்கண்ணன். ஆற்றுப்பாலம் வந்தாயிற்றாம். மகன் செல்போனில் ஒரு பொம்பளை இங்கே திரும்பு, அங்கே திரும்பு என்று காதைக் குடைகிறாளாம். வாலிபத்தில் மதுரையில் காய்கறி லாரிக்கு லோடு இறக்கி, ராத்திரியெல்லாம் செல்லூரில் சுற்றிய ஆள் தான் என்றும், தனக்கு அவள் வழி சொல்வதா என்றும், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும் என்றும் சொன்னார்.

அழகுமலை அடுப்படியை எட்டிப் பார்த்தார். செல்லத்தாய் பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். குரலைத் தணித்து, அந்தப் பெயரைச் சொன்னார்.

"ஆண்டிச்சாமி கடையா? அண்ணே, கண்ணக் கட்டி விட்டாலும் வந்துருவேன்" என்றார் கருத்தக்கண்ணன். மகனிடம் அந்தப் பொம்பளையை அமர்த்தச் சொன்னதும் போனில் கேட்டது.

அழகுமலைக்குப் புல்லரித்துவிட்டது. தன் பாஷை தெரிந்த ஒருவர் சம்பந்தியாக வருகிறார். எதிர்கொண்டு அழைத்து வருகிறேனென்று செருப்பை மாட்டிக்கொண்டு தெருவின் மேற்கு முக்குக்குப் போய் நின்றார். ஆண்டிச்சாமி கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கார் வரவில்லை. மறுபடி போன்தான் வந்தது.

"அண்ணே, நான் பரோட்டாக்கடை வாசல்லதான் நிக்கிறேன். ஒங்களக் காணோமே."

"நானும் பரோட்டாக்கடை வாசல்லதாண்ணே நிக்கிறேன். ஒங்களத்தான் காணோம்."

கருத்தக்கண்ணன் நின்றது அதே தெருவின் கிழக்கு முக்கில், ஒரு ஸ்கேன் சென்டர் முன்னால். நடுவில் பழைய டாக்கீஸின் நீளம். இரண்டு பேரும் இல்லாத கடையின் வாசலில் நின்றுகொண்டு, அடுத்தவர் நிற்பது கடையே இல்லை என்று சாதித்தார்கள். கடைக்குப் பக்கத்தில் வேப்பமரம் என்றார் ஒருவர். டிரான்ஸ்பார்மர் என்றார் மற்றவர். தான் அந்தக் கடையில் தின்ற பரோட்டாவை அடுக்கினால் கோபுர உயரம் வருமென்று அழகுமலை சொன்னார். அவர் தின்றது வேறு ஏதோ டூப்ளிகேட் கடையாக இருக்குமென்று கருத்தக்கண்ணன் சொன்னார். அதை அழகுமலையால் தாங்க முடியவில்லை.

"எடம் தெரியாம பேசாதீக" என்றுவிட்டார்.

கருத்தக்கண்ணன் நிதானமாகச் சொன்னார். "சரிண்ணே. மொத நாளே நான் பொய் சொல்றவன்னு ஆகிப்போச்சு. நாங்க ஊரப் பாக்கப் போறோம்."

போன் அணைந்தது. இன்னும் சற்று நேரத்தில் ராகு காலம். அழகுமலைக்கு வீட்டுப் பக்கம் திரும்பவும் கால் வரவில்லை, கிழக்கே போகவும் கால் வரவில்லை. கேசரி வாசனை அங்கேயே அடிப்பதுபோல் இருந்தது. மேலூர்க்காரர்கள் போனபோது பாண்டிமீனா சிரித்தாள். இந்தத் தடவை சிரிக்கமாட்டாள்.

பின்னால் ஹாரன் கேட்டது. பாண்டிமீனாதான். பட்டுச்சேலையை இழுத்துச் செருகி, மல்லிகைப்பூ மேலேயே ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு ஸ்கூட்டியில் வந்திருந்தாள். சூரியபிரகாஷ் அப்பாவுக்குத் தெரியாமல் லொக்கேசன் அனுப்பியிருக்கிறான்.

"ஏறுங்கப்பா" என்றாள். அவர் பின்னால் ஏறிக்கொண்டார்.

கிழக்கு முக்கில் கார் ஊருக்குப் போகிற பக்கமாகத் திரும்பி நின்றது. மாப்பிள்ளை ஓட்டுகிற இடத்தில் இல்லை. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, இளநீர் வண்டியோரம் நின்றான். பாண்டிமீனா ஸ்கூட்டியை அங்கேயே கொண்டுபோய் நிறுத்தினாள். இரண்டு அப்பாக்களும் நேருக்கு நேர் நின்றார்கள். வணக்கம் சொல்வதற்குப் பதிலாக வேப்பமரத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். கல்லில் நின்று பரோட்டா வீசியது ஆண்டிச்சாமி என்றார் கருத்தக்கண்ணன். இல்லவே இல்லை, அவர் மகன்தான் வீசுவான், பெரியவர் கல்லாவில் உட்கார்ந்து எல்லாரையும் வைதுகொண்டிருப்பார் என்றார் அழகுமலை.

"என்னன்னு வைவாரு?" என்று கருத்தக்கண்ணன் மடக்கினார்.

"பழைய கடையில இருந்தப்ப இப்பிடியாடா யாவாரம் நடந்துச்சு, அப்பல்ல கூட்டம், அப்பல்ல மதுரைன்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவருக்குப் பாதியில் நாக்கு நின்றுவிட்டது. பழைய கடை. எத்தனை ராத்திரி அதைக் கேட்டிருப்பார். கிழவனாரின் வழக்கமான புலம்பல் என்று சால்னாவை ஊற்றிப் பிசைந்துகொண்டு போயிருந்தார். அப்படி ஒரு கடை நிஜமாகவே தெருவின் இந்தக் கோடியில் இருந்திருக்கிறது. அதன் வாசலில்தான் இப்போது நிற்கிறார். தான் இத்தனை வருஷமாக எந்தக் காலத்துக்கு ஏங்கினாரோ, அந்தக் காலத்திலேயே ஆண்டிச்சாமி அதற்கும் முந்தின ஒரு காலத்துக்கு ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

"கடைய மாத்திப்புட்டாரா?" என்றார் கருத்தக்கண்ணன். சொந்தத்தில் ஏதோ சாவுச் செய்தி கேட்டவர் குரல் அது. "நான் ஊரோட போன பெறகு மாத்தியிருப்பாரு போல. சொல்லவே இல்லையே யாரும்."

காருக்குள்ளிருந்து தமிழ்ச்செல்வி இறங்கினாள். மாப்பிள்ளையின் அம்மா. இவ்வளவு நேரமும் வெற்றிலைத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டிருந்தவள்.

"கட கெழக்க இருந்தா என்ன, மேக்க இருந்தா என்ன. ஒரு நாளு ஒரு பொட்டலம் வீட்டுக்கு வந்துருக்குமா? தூங்காத ஊரு, தூங்காத ஊருங்கிறீக. கதவத் தெறக்க முழிச்சிக் கெடந்தது நாங்க."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

அவள் இளநீர் வண்டியைப் பார்த்தாள். அங்கே பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே இளநீரில் இரண்டு ஸ்ட்ரா போட்டிருக்கவில்லை. அவ்வளவு தூரத்துக்குப் போகவில்லை. ஆனால் ஹெல்மெட் நசுக்கிய பூவைக் காட்டி அவள் ஏதோ சொல்ல, அவன் அதை வாங்கிப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தான். தமிழ்ச்செல்விக்கு அது போதுமானதாக இருந்தது. வீட்டுக்குப் போவதற்குள் ராகு காலம் பிறந்துவிடும் என்றாள். செல்லத்தாய்க்குப் போன் போட்டுச் சம்மதம் வாங்கினாள். தட்டிலிருந்த பூச்சரத்தை எடுத்து, ஸ்கேன் சென்டர் படியிலேயே பாண்டிமீனாவை உட்காரவைத்து, தலையில் வைத்துவிட்டாள். ஸ்கேனுக்கு வந்து காத்திருந்த இரண்டு பெண்கள் எழுந்து குலவை போட்டார்கள்.

திருமங்கலத்திலிருந்து தம்பி போன் பண்ணினார் கருத்தக்கண்ணனுக்கு. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டிருப்பார் போல.

"வேற எங்க. பரோட்டாக்கட வாசல்லதான் நிக்கிறோம். பொண்ணு அமைஞ்சிருச்சுப்பா" என்றார் கருத்தக்கண்ணன், ஓரக்கண்ணால் அழகுமலையைப் பார்த்துக்கொண்டே.

அழகுமலை தெருவின் மேற்குக் கோடியை ஒருதரம் பார்த்தார். செல்போன் கடையில் விளக்கு போட்டிருந்தார்கள். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினார். பெண்ணைப் பெற்றவர். சீர்வரிசையோடு அந்த முக்கையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்.