வாழ்த்து அட்டையை வாசித்தவர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு திருகாணியில் பிறந்தது. மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பியைப் பிடித்து வைத்திருக்குமே, கடுகளவு திருகாணி, அதில். கூடத்துக் கடிகாரம் எட்டே கால் அடித்துவிட்டது. ஒன்பதுக்குள் முடித்தாக வேண்டும்.

(கையெழுத்துப் பிரதியில் எழுத்துகள் கட்டைவிரல் பருமனில் இருக்கும். அச்சுக் கோப்பவர் பொறுத்துக்கொள்ளட்டும்.)

முதல் தொடக்கம்: ‘கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பெட்டி படுக்கையோடு அந்தத் தம்பதி வந்து இறங்கியபோது…’ வேண்டாம். இப்படி வந்து இறங்கும் தம்பதிகளை எழுதி எழுதி எனக்கே சலித்துவிட்டது.

2

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அவன் பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடுகிறவன். சொந்தக்காரர் வீடுகளுக்கும் ஒன்று போட்டிருந்தான்: மூன்று நாள், ஐந்து வீடு, கூடவே இரண்டு பிள்ளைகள். பெரியம்மாவுக்கு ஒன்றரை மணி நேரம், சித்தப்பாவுக்கு ஒரு மணி நேரம். (சித்தப்பா வாயைத் திறந்தால் அட்டவணை அம்போ.)

எந்த வீட்டிலும் அவளைச் சும்மா உட்காரவிடவில்லை. கை கழுவியதும் ஆளாளுக்குக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார்கள். அவளும் கைப்பையிலிருந்து குட்டித் திருப்புளியை எடுத்தாள். நீ விடுமுறைக்கு வந்தாயா, வேலைக்கு வந்தாயா என்று கணவன் கேலி செய்தான்.

கடைசி வீடு அவனுடைய அப்பா வீடு.

3

மாமனாரை எப்படிக் காட்டுவது என்பதில்தான் தடுமாறுகிறேன். நல்லவர் என்று எழுதினால் பொய். கெட்டவர் என்றால் அதுவும்… விடுங்கள். வீம்புக்காரர். விடுமுறையின் கடைசி நாள் காலை ஒன்பது மணிக்குப் பேரப்பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் தங்கை வீட்டுக்கு அவர்தான் ஓட்டிப் போவார். சாவியை வேறு யாரும் தொடக்கூடாது.

அந்தத் தங்கை வருடந்தோறும் வாழ்த்து அட்டை அனுப்புவாள். வருடந்தோறும் அதே இரண்டு வரி. அதைச் சாப்பாட்டு மேசையில் உரக்க வாசிப்பதும் அவர் உரிமை.

நேற்று மருமகள் அவருடைய கண்ணாடியை முடுக்கி, துடைத்து, மாட்டிவிட்டாள். அவர் மேசையிலிருந்த அட்டையை எடுத்து, ‘அன்புள்ள அண்ணனுக்கும் வீட்டில் உள்ள அனைவருக்கும்’ என்று தங்குதடையில்லாமல் வாசித்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். மருமகள் தட்டவில்லை. அவர் கையில் இருந்தது அவளே வாங்கி வந்த அட்டை. தங்கையுடையது அலமாரி மேல் இருந்தது.

பிறகு அடுப்படியில் தணிந்த குரலில் கேட்டாள்.

“மாமா, நாளைக்கு நான் ஓட்டட்டுமா?”

“எதுக்கு? நாப்பது வருஷமா ஓட்டுறேன், ஒரு கீறல் உண்டா?”

“அந்த அட்டை நாங்க கொண்டு வந்தது, மாமா.”

அவர் தண்ணீர் குடித்தார். “அவன்கிட்ட சொல்லிடாதம்மா.”

“நீங்களே சொல்லுங்க. கிளம்புறதுக்குள்ள. இல்லன்னா நான் சொல்லிடுவேன்.”

4

முடிவு ஒன்று: மாமனார் மகனைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுக்கிறார், எல்லோரும் கண் கலங்குகிறார்கள். எழுதிப் பார்த்தேன், பள்ளிக்கூட நாடகம் மாதிரி இருந்தது.

முடிவு இரண்டு: மகனும் மருமகளும் மாடியில் பெட்டி கட்டிக்கொண்டிருக்க, அவர் பத்து நிமிடம் முன்னதாகவே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். பாலத்தில் எதிரே ஒரு

இல்லை. இதை எழுத மாட்டேன்.

5

மாமனார் வேறு யாருமில்லை, நான்தான். ஓரங்கள் தெரிகின்றன. நேரே பார்த்தால் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. யாரைப் பார்த்தாலும் முகம் இருக்க வேண்டிய இடத்தில் அதுதான் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. ஊரார் கதையெல்லாம் எழுதியவனுக்கு, பெற்ற மகனிடம் இதைச் சொல்ல நா எழவில்லை. அதனால்தான் கதையாக்கிப் பார்த்தேன்.

கடிகாரம் முக்கால் அடித்துவிட்டது. வாசலில் பிள்ளைகள் செருப்பு மாட்டிக்கொண்டு, முன் இருக்கை யாருக்கு என்று சண்டை போடுகிறார்கள். மாடியில் இன்னும் பெட்டி இழுபடும் சத்தம். என் ஒரு கையில் இந்தத் தாள், இன்னொரு கையில் சாவி.

மாடிப்படி இடப்பக்கம், வாசல் வலப்பக்கம். எந்தப் பக்கம் திரும்பினேன் என்று நான் எழுதப் போவதில்லை, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம், அந்தப் பிள்ளைகளோடு காரில் ஏறி உட்கார்ந்து பாருங்கள்.