கஞ்சி காய்ச்ச வந்த தீ

பூவத்தங்குடியைத் தின்ற தீ, தின்று முடித்த பிறகு திரும்பிப் போகவில்லை. பங்குனி மாதம், அறுப்பு மிஷின் விட்டுப்போன தாளெல்லாம் அப்பளமாய்க் காய்ந்து கிடந்த சமயம். பாபநாசம் பக்கமிருந்து வயல் வயலாக மேய்ந்துகொண்டு வந்தது. வரப்பு மேல் மட்டும் நடந்து வந்ததாகச் சிலர் சொல்கிறார்கள். அது பொய், குறுக்கேதான் வந்தது. வைக்கோல் போர்களை முடித்துவிட்டுத் தென்னை மரத்தில் ஏறி இளநீர் குடித்தது, வழுக்கையைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆனாலும் மரியாதை தெரிந்த தீ. கூரை வீடுகள் நெருங்கி நின்ற கீழத்தெருவுக்கு வந்ததும் ஒவ்வொரு வாசலிலும் நின்று தொண்டையைச் செருமியது. செந்தாமரை எட்டிப் பார்த்து, புருஷன் துரைராசுவையும் ஆடுகளையும் இழுத்துக்கொண்டு, வறண்ட வாய்க்காலில் இறங்கிய பிறகுதான் அவள் கூரையில் கை வைத்தது. ஒரு கோழிக்குஞ்சுக்குக்கூடச் சேதமில்லை. ஆனால் வீடு, துணிமணி, சட்டிபானை, கொல்லையில் நின்ற கறிவேப்பிலை மரம்வரை எதுவும் மிச்சமில்லை.

வயிறு நிறைந்த தீ சின்னச் சின்னதாகப் பிரிந்து, எரிந்த சுவர்களின் ஓரமாகப் பூனைகள்போலச் சுருண்டு படுத்துக்கொண்டது. தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்தது. தீ எழுந்து உடம்பை உதறிவிட்டு மறுபடி படுத்தது. கிராம நிர்வாக அலுவலர் வந்து, அது படுத்திருப்பது பட்டா நிலமா புறம்போக்கா என்று விசாரித்துவிட்டுப் போனார். யாரையும் சுடவில்லை, யாருக்கும் தொந்தரவில்லை. செந்தாமரையின் வாசற்படியில் படுத்திருந்தது மட்டும் லேசாகக் குறட்டை விட்டது.

அது நோன்பு மாதம். வாய்க்காலுக்கு அக்கரை ஊரில் பள்ளிவாசல். ஜமாத்தார் அன்று பொழுது சாய்வதற்குள் தார்ப்பாய், பாய், சேலை, வேட்டி எல்லாம் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். பள்ளிவாசல் சமையல்காரர் மீரா சாகிப் நோன்புக் கஞ்சியை இரண்டு மடங்காகக் காய்ச்சினார். அவர் கஞ்சியின் வாசனைக்குத் திருவையாற்றில் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து வந்திருக்கிறார்கள். கீழத்தெருவில் கஞ்சி வாங்கப் பாத்திரமில்லையே! அக்கரைப் பெண்கள் தங்கள் வீட்டுத் தூக்குகளிலும் குண்டான்களிலும் ஊற்றி அனுப்பினார்கள்.

சிக்கல் அங்கேதான் வந்தது. பூவத்தங்குடியில் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பும் வழக்கம் கிடையாது. ஒரு பிடி அரிசி, ரெண்டு கத்திரிக்காய், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. இப்போது அதுகூட இல்லை. செந்தாமரை தூக்கைச் சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்துத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். தெருவே அவளைப் பார்த்து அப்படியே செய்தது. அக்கரையிலிருந்து தினமும் புதுப் பாத்திரம் வந்தது, ஒன்றும் திரும்பவில்லை. கீழத்தெருவில் அடுக்கிய பாத்திரங்கள் வேளாங்கண்ணி மாதா கோயில் கோபுர உயரத்துக்கு வளர்ந்து கப்பல்காரர்களின் கண்ணைக் கூசவைத்தன. அக்கரையிலோ மீரா சாகிப்பின் மனைவி சாஜிதா தோசைக்கல்லில் டீ ஊற்றிக் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டாள்.

கடைசிக் குண்டானும் போன மறுநாள் மத்தியானம் மீரா சாகிப் வாய்க்காலைத் தாண்டி வந்தார். பின்னாலேயே சாஜிதா.

"ஏம்மா செந்தாமரை, இன்னைக்கிக் கஞ்சிய என் தொப்பியிலயா ஊத்தித் தர்றது?"

"வெறும் தூக்க எப்படி பாய் திருப்பித் தர்றது?"

"தந்தா என்னம்மா, குடியா முழுகிடும்?"

"போன பொங்கலுக்கு நான் குடுத்துவிட்ட தூக்கு எப்படித் திரும்பி வந்துச்சு? வட்டிலப்பத்தோட வந்துச்சா இல்லையா? அக்காவயே கேளுங்க."

"வந்துச்சுதான்," என்றாள் சாஜிதா. "இவருக்கு அதெல்லாம் எங்க தெரியும். மிச்சத்த வழிச்சுத் தின்னத்தான் தெரியும்."

மீரா சாகிப் தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "பாத்திரம் கிடக்கட்டும். கருவேல விறகு உங்க ஊர்லேர்ந்துதான் வரும். அதையும் இந்தப் பய தின்னுட்டான். அடுப்புல வெக்க ஒரு குச்சி இல்ல. இன்னைக்கி ரெண்டு ஊருக்கும் கஞ்சி கிடையாது, போ."

செந்தாமரை கணக்குப் பார்த்தாள். தன் வீம்பினால் தெருப் பிள்ளைகள் பட்டினி. பகலெல்லாம் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காத அக்கரைக்காரர்களும் பட்டினி. வெறும் தூக்கைக் கொடுத்துவிடுவதா? கையில் எடுத்தும்விட்டாள். கை நீளவில்லை. அப்போது வாசற்படியில் குறட்டைவிட்டுக்கொண்டிருந்த தீ கண்ணில் பட்டது. குனிந்தாள். இரண்டு கையாலும் அதை அள்ளித் தூக்கில் போட்டாள்.

"தின்னது போதும். போயி வேலயப் பாரு," என்று ஒரு அதட்டல் போட்டு, மூடியைப் போட்டு சாஜிதாவின் கையில் கொடுத்தாள்.

"நெறையத்தான் குடுத்திருக்க," என்றாள் சாஜிதா, கனம் பார்த்து.

அவ்வளவுதான், தெருவே கிளம்பிவிட்டது. ஆளுக்கொரு பாத்திரத்தில் ஆளுக்கொரு பிடி தீயோடு வரிசையாக வாய்க்காலைத் தாண்டினார்கள். அடுப்பில் கொட்டியதும் தீ ஒரு தரம் சோம்பல் முறித்து நிமிர்ந்து நின்றது. குச்சி கேட்கவில்லை, சுள்ளி கேட்கவில்லை. ஊரெல்லாம் நோன்பிருக்கும்போது தான் மட்டும் தின்பதா என்று அதற்கும் தோன்றியிருக்க வேண்டும். பாங்கு சொல்கிறவரை வெறும் வயிற்றோடு எரிந்தது. சொன்ன பிறகு மீரா சாகிப் நீட்டிய பேரீச்சம்பழத்தைத் தின்று, கொட்டையைத் துப்பியது. அன்று கஞ்சி அடியும் பிடிக்கவில்லை.

பெருநாள் முடிந்தது. துபாயிலும் மலேசியாவிலும் இருந்த ஜமாத்துப் பிள்ளைகள் அனுப்பியதில் கீழத்தெருவுக்கு ஓட்டு வீடுகள் எழும்பின. சுவர் வைத்தது கொத்தனார், செங்கல் சுட்டது அதே தீ. அடுத்த தையில் செந்தாமரை வீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் பார்த்தார்கள். சாஜிதா ஒரு தூக்கில் தீயை எடுத்து வந்தாள். மூடியைத் திறந்தால் அது வெளியே வரவில்லை. நிலைப்படியைப் பார்த்துக் கூனிக் குறுகி உள்ளேயே ஒட்டிக்கொண்டது.

"அட, வா," என்றாள் செந்தாமரை. "தெரியாத வீடா?"

பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கியது. முதல் பாலைத் தூக்கில் ஊற்றி சாஜிதாவிடம் கொடுத்தார்கள். அதற்கப்புறம் அந்தத் தெருவில் அடுப்புப் பற்றவைக்க யாரும் சிரமப்பட்டதில்லை. பூவத்தங்குடி மளிகைக்கடையில் தீப்பெட்டி வாங்கி வைப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்தத் தட்டில் இப்போது துணி சோப்பு இருக்கிறது.