அறை வழியே போகும் வட்டப்பாதை

இந்த வருஷம் வட்டப்பாதை செண்பகவல்லியின் அறை வழியாகப் போயிற்று. போன வருஷம் அது வீட்டுக்கு வெளியே, துணி காயப்போடும் கொடிக்குக் கீழே போனது. அதற்கு முந்தின வருஷம் வேலிக்கு அந்தப் பக்கம். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் கிரேல்ஸ்பி என்ற அந்தச் சின்ன ஊரில், கடல் ஒவ்வொரு குளிர்காலமும் கரைமேட்டைக் கொஞ்சம் கடித்துக்கொள்ளும். பாதை அதே அளவுக்கு உள்ளே தள்ளி வந்துவிடும். இடமில்லை என்று அதனிடம் யாரும் சொல்வதில்லை. பாதை என்றால் போய்த்தானே ஆகவேண்டும்.

மாதா கோயிலில் கிளம்பி, கலங்கரை விளக்கத்தைத் தொட்டு, கடலை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம், பிறகு பார்லி வயல், மாட்டு மேய்ச்சல் என்று ஊரையே சுற்றி மறுபடி மாதா கோயிலுக்கு வந்து சேரும் பாதை அது. நடக்கிறவர்கள் செண்பகவல்லியின் கதவு வழியாக நுழைந்து ஜன்னல் வழியாக வெளியேறினார்கள். ஜன்னலில் ஏறி இறங்க வீட்டுக்காரம்மா மார்ஜரி ஒரு மரப்படி அடித்துக் கொடுத்திருந்தார்.

செண்பகவல்லிக்குப் பாதையில் ஆட்சேபணை இல்லை. சட்டம் படிக்க வந்தவள். பொதுவழி பொதுவழிதான் என்று வகுப்பில் தொண்டை கட்டும்வரை வாதாடியவள். கட்டில் வழியை மறித்ததால் அதைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்துவிட்டுத் தரையில் பாய் விரித்துப் படுத்தாள். தரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். நாய்கள் அவள் தட்டைப் பார்த்ததும் மரியாதையாக ஒதுங்கிப் போயின. நாய்க்காரர்கள் வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். அவளும் ஒரு வார்த்தை சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டியிலிருந்து அம்மா போன் செய்தாள்.

"யாருட்டி அங்க, ஒரே பேச்சுச் சத்தமா இருக்கு?"

"பாதையில போறவங்கம்மா. என் ரூம் வழியா போறாங்க."

"பொம்பளையாளுகளும் உண்டுல்லா?"

"எல்லாரும்தான். நாய் கூட வருது."

"ஏட்டி, செருப்பக் கழட்டிட்டுத்தான வாராக?"

செண்பகவல்லி தரையைப் பார்த்தாள். களிமண், கடற்பாசி, நடுவில் பசுமாட்டுச் சாணி. அவளுடைய சோற்றுத் தட்டு இவற்றுக்கு நடுவே இருந்தது.

"இல்லம்மா. பூட்ஸோடதான்."

"சோறு திங்குற தரையிலயா? அப்ப நீ அங்க போயி என்னத்த சட்டம் படிக்க?"

மறுநாள் காலை செண்பகவல்லி கதவருகே நின்றுகொண்டாள். முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னாள்.

"நான் உன் வீட்டுக்கு வரலையேம்மா, நடந்து போறேன்" என்றார் அவர்.

"நடக்கிறது உங்க உரிமை. அதை நான் தடுக்கலை. பூட்ஸ் உள்ளே வர்றதுக்கு எந்தச் சட்டத்துல உரிமை கொடுத்திருக்கு, சொல்லுங்க."

பல் டாக்டருக்கு ஒரு சட்டமும் நினைவுக்கு வரவில்லை. குனிந்து கயிற்றை அவிழ்த்தார். பின்னால் நின்றவர்களும் அவிழ்த்தார்கள். வாதத்தில் தோற்றால் கோபித்துக்கொள்ளும் பழக்கம் அந்த ஊரில் இல்லை.

சிக்கல் ஜன்னலுக்கு வெளியே ஆரம்பித்தது. பூட்ஸ் கதவுப் பக்கம் கிடந்தது, ஆட்கள் ஜன்னல் பக்கம் நின்றார்கள். வட்டப்பாதையில் கிளம்பியவர் திரும்பி நடக்கக்கூடாது. திரும்பினால் அதுவரை நடந்ததெல்லாம் நடக்காததாகிவிடும். பூட்ஸ் வேண்டுமென்றால் முழு வட்டத்தையும் சுற்றித்தான் வரவேண்டும். கையில் தூக்கிக்கொண்டு போகலாமே என்று செண்பகவல்லி மார்ஜரியிடம் கேட்டாள்.

"பூட்ஸைக் கையில தூக்கிட்டு நடக்கிறவனை இங்க யாரும் மதிக்க மாட்டாங்க கண்ணு" என்றார் மார்ஜரி.

ஆகவே அவர்கள் வெறுங்காலோடு பார்லித் தாளிலும் காஞ்சொறியிலும் நடந்தார்கள். சுற்றிவந்து கதவருகே தங்கள் பூட்ஸைக் கண்டுபிடித்தார்கள். போட்டுக்கொண்டு, கயிற்றை இறுக்கிக் கட்டி, நிமிர்ந்து நின்றார்கள். எதிரே செண்பகவல்லியின் கதவு. மறுபடி கழற்றினார்கள். போட்டுப் பார்த்த திருப்தி இருந்தது என்று பல் டாக்டர் சொன்னார். சில வாரத்தில் ஊரில் பாதிப்பேர் வெறுங்காலோடு கடைக்குப் போனார்கள். மாதா கோயில் பாதிரியார் வெறுங்காலில் பிரசங்கம் செய்தார். அறையின் தரை பளபளவென்று இருந்தது.

அப்போதுதான் பாதைக் கண்காணிப்பாளர் டிட்ஸ்வெல் வரப்போவதாகச் செய்தி வந்தது. மார்ஜரி தேநீரைக் கலக்கிக்கொண்டே விளக்கினார். பாதைக்கு மேலே வானம் இருக்கவேண்டும் என்பது அந்தப் பகுதியின் விதி. பாதை தடையில்லாமல் ஓடுகிறது என்று கண்காணிப்பாளர் தானே ஒருமுறை அதன் வழியே போய்ப்பார்த்துச் சொன்னால் கூரையை விட்டுவைப்பார்கள். சொல்லாவிட்டால் அன்றைக்கே பிரித்துவிடுவார்கள்.

"கூரை இல்லாம நான் எப்படி இருக்கிறது?" என்றாள் செண்பகவல்லி.

"இருக்க முடியாது. முன்னாடி கரையோரம் வேறொரு வீட்ல இப்படிப் பிரிச்சாங்க. அங்க இருந்த பையன் கொஞ்ச நாள் குடை பிடிச்சுப் பார்த்தான். பிறகு போயிட்டான்."

செண்பகவல்லிக்குப் போக வேறு இடம் இல்லை. தாளிக்கிற வாசனைக்குச் சம்மதித்து அந்தக் கரையில் அறை கொடுத்த ஒரே வீடு இதுதான். அதற்கே மூன்று நாள் வாதாடியிருந்தாள்.

"வரட்டும். அவரும் கழட்டிட்டுப் போகட்டும்."

"அவர் கழட்ட மாட்டாரே கண்ணு. பதவியே பூட்ஸ்லதான் இருக்கு. கழட்டினா அவர் கண்காணிப்பாளர் இல்லை, சும்மா டிட்ஸ்வெல். சும்மா டிட்ஸ்வெல் பார்த்தது கணக்குல வராது."

"எனக்காக விதியைத் தளர்த்தினா, நேத்துவரை கழட்டினவங்க என்னைக் கேப்பாங்களே?"

"கேப்பாங்க. அதுலயும் அந்தப் பல் டாக்டர் விடமாட்டார்" என்றார் மார்ஜரி.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மழை. டிட்ஸ்வெல் சொட்டச் சொட்ட நனைந்து வந்து கதவுக்கு வெளியே நின்றார். உயரமானவர், மிகவும் மரியாதையானவர். அவருக்குப் பின்னால் நடக்கிறவர்கள் வரிசையாக நின்றார்கள். கூரை பிரிக்கிற ஆட்கள் ஏணியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுச் சாண்ட்விச் தின்றார்கள்.

"காலணி அணிந்த கால் என் தரையில் படக்கூடாது" என்றாள் செண்பகவல்லி.

"நியாயம்" என்றார் டிட்ஸ்வெல். "காலணி இல்லாமல் நான் வரமுடியாது."

"அதுவும் நியாயம்தான்."

"நான் வராவிட்டால் கூரையைப் பிரிக்கவேண்டும்."

செண்பகவல்லியின் வாழ்க்கையில் முதல் தடவையாக எதிராளி சொன்னது எல்லாமே சரியாக இருந்தது. ஏணிக்காரர்களில் ஒருவன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"என்னட்டி, கொரலு ஒரு மாதிரியா இருக்கு?"

செண்பகவல்லி சொன்னாள். கால், தரை, பூட்ஸ், கூரை எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா குறுக்கிடாமல் கேட்டாள்.

"அவருக்கு உருளத் தெரியுமான்னு கேளு" என்றாள்.

செண்பகவல்லி கேட்டாள். டிட்ஸ்வெல் தரையை ஒருமுறை நீளவாக்கில் பார்த்தார்.

"மேலிருந்து கீழே உருண்டிருக்கிறேன். சமதளத்தில் பழக்கம் இல்லை."

"கால் ரெண்டையும் மடக்கிப் பிடிச்சுக்கிடச் சொல்லு. தரையில படாது. கோயில்ல சுத்துறது எப்படி, அதேதான். ஈரத்துணியோட உருளணும்."

"மழையில நனைஞ்சுதான் நிக்கிறார்."

"பெறகென்ன."

டிட்ஸ்வெல் தொப்பியை மார்ஜரியிடம் கொடுத்துவிட்டு வாசலில் படுத்தார். முழங்காலை மடக்கி, பூட்ஸ் மேலே இருக்கும்படி வைத்துக்கொண்டு உருண்டார். முதல் புரட்டில் செண்பகவல்லி பக்கத்திலேயே குனிந்து நடந்து பார்த்தாள். கால் தரையில் படவில்லை. பல் டாக்டரும் எட்டிப் பார்த்துவிட்டுப் படவில்லை என்றார்.

ஈரத்துணி அல்லவா, பாதை அவர்மேல் ஒட்டிக்கொண்டது. அவர் புரளப் புரள அது தரையைவிட்டு உரிந்து, பாய் சுருட்டுவதுபோல அவரைச் சுற்றிக்கொண்டே போனது. ஜன்னலைத் தாண்டி இறங்கும்போது அவர் சுருட்டி வைத்த பெரிய மெத்தை அளவுக்கு இருந்தார். அறையில் பாதை இல்லை, வெறும் தரைதான் இருந்தது.

"தடை ஏதும் இல்லை" என்று உள்ளிருந்து அவர் குரல் கேட்டது. "கூரை இருக்கட்டும்."

ஏணிக்காரர்கள் ஏணியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

"இனி எழுந்து நடக்கலாம்" என்று செண்பகவல்லி ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

"நடுவில் விடுவது எங்கள் வழக்கம் இல்லை" என்றார் டிட்ஸ்வெல்.

"நடுவுல எந்திரிச்சா பலன் கெடையாதுன்னு நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றாள் அம்மா. "வெவரமான ஆளுதான்."

வரிசையில் நின்றவர்கள் கதவருகிலேயே தயங்கினார்கள். பாதை இல்லாத அறையில் நடந்துபோக அவர்களுக்கு உரிமை இல்லை. ஆகவே செண்பகவல்லி அவர்களை உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். அவர்கள் ஏற்கெனவே வெறுங்காலோடுதான் இருந்தார்கள். சுவரோரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். பல் டாக்டருக்கு மட்டும் சம்மணம் வரவில்லை. மார்ஜரி டிட்ஸ்வெலின் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார்.

டிட்ஸ்வெல் பார்லி வயலைச் சுருட்டிக்கொண்டு ஒரு வைக்கோல் போர் உயரத்துக்கு வளர்ந்துவிட்டார். மேய்ச்சல் மேட்டில் இறங்கும்போது வேகம் கூடியது. பாதை வலப்பக்கம் திரும்பவேண்டிய இடத்தில் அவர் திரும்பவில்லை. அந்தக் கனத்தில் திரும்ப முடியாது என்று மார்ஜரி சொன்னார்.

"எங்கிட்டுப் போறாரு?" என்று அம்மா போனில் கேட்டாள்.

செண்பகவல்லி எட்டிப் பார்த்தாள். "நேர் தெக்க."

"தெக்கயா? அப்ப இங்கிட்டுத்தான் வாராக. வாசல் தெளிச்சு வைக்கேன். குளிக்க வெந்நியும் போட்டுருதேன்." அம்மா பாத்திரம் எடுக்கிற சத்தம் கேட்டது. "கொழம்புல ஒறப்பக் கொறைக்கணுமாட்டி?"

குறைக்க வேண்டாம் என்றாள் செண்பகவல்லி.