மூக்கில் வைக்க மறந்த எடை

கண்காட்சி மேசையில், மாடல் விமானத்துக்கு முன்னால் நிறுத்தியிருந்த சின்ன அட்டையில் அண்ணன் பேர் இருந்தது.

அவள் இன்னொரு தடவை படித்தாள். திருப்பிப் படித்தால் பேர் மாறிவிடுமா என்ன? 'செய்தவர்' என்று அச்சடித்திருந்ததற்கு நேரே, கொட்டை எழுத்தில், அண்ணன் பேர்தான். ஏழு மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் பார்த்துச் செய்தவள் இவள். பேனாவைத் திறந்து ஒரு நிமிடம் எழுதியவன் அவன். அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது.

அவளுக்குப் பல் கட்டும் கூடத்தில் வேலை. மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பொய்ப்பல் செய்ய வேண்டும். பதினான்கு வருடமாக அவள் செய்த பற்கள் ஊரில் எத்தனையோ வாய்களில் சிரிக்கின்றன. அத்தனை பேரும் சொல்வது 'டாக்டர் கட்டின பல்' என்றுதான். அதற்கெல்லாம் அவள் வருத்தப்பட்டதில்லை என்று சொன்னால் அது பொய். வருத்தப்பட்டாள், வாயை மூடிக்கொண்டு அடுத்த பல்லைத் தேய்த்தாள். இந்த ஒரு விமானமாவது தன் பேரில் நிற்கட்டும் என்றுதான் இவ்வளவு பாடும்.

பெட்டியை வாங்கியது அண்ணன்தான். அதை அவள் இல்லையென்று சொல்லவில்லை. இருநூற்றுச் சொச்சம் பிளாஸ்டிக் துண்டுகள், ஒட்டி முடித்தால் இரட்டை எஞ்சின் போர் விமானம். ஆறு வருடத்துக்கு முன்னால் ஆசையாக உட்கார்ந்தவன், விமானியின் இருக்கையை ஒட்டுவதற்குள் மேசையெல்லாம் பசையை அப்பினான். கண்ணாடி மூடியில் கட்டைவிரல் ரேகையைப் பதித்தான். "கம்பெனிக்காரன் ஒழுங்கா வார்க்கல" என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கி அலமாரிக்கு மேலே போட்டான். அவன் தொட்டுக் கெடுத்த பிறகு பழி மட்டும் கம்பெனிக்காரனுக்கு.

பெட்டியை மேலேயிருந்து இறக்கி, அந்த ரேகையைப் பல்லுக்கு மெருகேற்றும் பசையால் மூன்று மாலை தேய்த்து எடுத்தவள் அவள். மாத்திரை அட்டையின் தகட்டை வெட்டி, விமானிக்கு இருக்கை வார் செய்தாள். இறக்கைமேல் தேய்த்ததில் அழிந்துபோன, தகடுகள் சேருமிடத்துக் கோடுகளைப் பல் சுரண்டும் ஊசியால் மறுபடி கீறினாள். எஞ்சின் வாயில் வெந்த உலோகத்தின் நீலமும் பழுப்பும் வர, நீர்த்த பெயின்டைப் பதினொரு தடவை பூசினாள். அண்ணன் டீயை உறிஞ்சிக்கொண்டு பின்னால் வந்து நிற்பான். "இன்னுமா முடியல?" என்பான். போனில் படம் பிடித்துக்கொண்டு ஆபீசுக்குப் போவான்.

மாடல் சங்கத்தில் அவன் உறுப்பினர். கண்காட்சியில் உறுப்பினரின் வீட்டார் யாரும் கலந்துகொள்ளலாம். "படிவத்த நானே நிரப்பிக் குடுத்துடறேன், உனக்கு எதுக்கு வீண் அலைச்சல்?" என்றான். நன்றாகவே நிரப்பியிருந்தான்.

அவன் கூட்டத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அவள் போய் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"என் பேர் எங்க?"

"மெதுவா பேசு. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். என் பேர் எங்கண்ணா?"

"யார் பேரா இருந்தா என்ன? பரிசு நம்ம வீட்டுக்குத்தானே வரும்? பெட்டிய வாங்கினது யாரு?"

"அப்ப பெட்டியக் கொண்டாந்து மேசைல வச்சிருக்க வேண்டியதுதானே. விமானத்த எதுக்கு வச்ச?"

அதற்குள் நடுவர் வந்துவிட்டார். நிஜ விமானங்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். பேனா அளவு விளக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாடலின் சக்கரக் குழிக்குள்ளும் தலையை விடுவதால் சங்கத்தில் அவருக்கு டார்ச் என்று பேர். குனிந்து, நிமிர்ந்து, சுற்றி வந்து பார்த்தார்.

"இப்போதைக்கு இதுதான் முதல்ல நிக்குது" என்றார். "மூக்குல எவ்வளவு எடை வச்சீங்க?"

இந்த மாதிரி ஜெட் மாடல்களில் கனமெல்லாம் பின்னால் இருக்கும். முன்னால் ஒற்றைச் சக்கரம். மூக்குக்குள் எடை வைக்காமல் உடம்பை ஒட்டினால், சக்கரத்தில் நிறுத்தியதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக உட்கார்ந்துவிடும்.

அண்ணன் கண்ணைக்கூட இமைக்கவில்லை. "பதினஞ்சு கிராம் சார். இரும்புக் குண்டு. ரெண்டு பாதியையும் ஒட்டறதுக்கு முன்னாடியே வச்சாச்சு. குறிப்புத்தாள்ல இருக்கறபடி." குறிப்புத்தாளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தான்.

டார்ச் தலையாட்டிவிட்டு எழுதப் போனார்.

அண்ணன் அவரிடம் சொன்ன மாதிரி அவள் முன்னாடியே எடையை வைக்கவில்லை. கோடு கீறும் மும்முரத்தில் மறந்தே போனாள். ஒட்டி, தேய்த்து, பெயின்டும் அடித்து முடித்து, சக்கரத்தில் நிறுத்திய அன்றைக்குத்தான் விமானம் தொப்பென்று பின்பக்கமாக உட்கார்ந்தது. அன்றைக்கு அவள் தன்னையே திட்டிக்கொண்ட திட்டை எழுத முடியாது. அதை எப்படிச் சரி செய்தாள் என்பது இந்த உலகத்தில் அவளுக்கு மட்டும் தெரியும். வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

"அப்படி வைக்கல சார்" என்றாள்.

டார்ச் நிமிர்ந்தார். "நீங்க யாரும்மா?"

"இதச் செஞ்சவ."

"என் தங்கச்சி சார்" என்று அண்ணன் சிரித்தான். "அப்பப்ப எடுபிடி வேலை செஞ்சு குடுப்பா."

எடுபிடி! அந்த ஒரு சொல்லில் அவளுக்கு மிச்சமிருந்த வெட்கமும் எரிந்துபோனது.

"மூக்குல எடை வைக்க மறந்துட்டேன் சார். முழுசா ஒட்டி பெயின்டும் அடிச்சாச்சு. பின்பக்கமா உக்காந்துடுச்சு. அப்புறம் முன்சக்கரக் குழில துளை போட்டு, எங்க கூடத்துல பல்லுக்கு உலோக உறை வார்த்து மிஞ்சின துணுக்க இடுக்கியால ஒவ்வொண்ணா உள்ள தள்ளினேன். துளைய அடைச்சு மேல வெள்ளை பூசியிருக்கேன்."

டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே."

"தெரியாத மாதிரிதான் செஞ்சேன். சுரண்டினா தெரியும்."

"சுரண்டினா பூச்சு கெட்டதுக்கு ரெண்டு மார்க் குறைப்பேன். ரெண்டாவதா நிக்கற மாடல் ஒரு மார்க்தான் பின்னாடி இருக்கு. யோசிச்சுக்குங்க."

"குறைங்க."

"உனக்கென்ன பைத்தியமா?" அண்ணன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"கைய எடு." குரல் எப்படி வந்ததோ, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கை விலகியது.

கைப்பையிலிருந்து சுரண்டும் ஊசியை எடுத்தாள். விமானத்தை உள்ளங்கையில் மல்லாத்திப் பிடித்து, முன்சக்கரக் குழியில் ஒரே இழுப்பு இழுத்தாள். வெள்ளைப் பூச்சு பெயர்ந்தது. அடியில் பளிச்சென்று இளஞ்சிவப்பு.

டார்ச் குனிந்து பார்த்தார். பிறகு தன் மேல்வரிசைப் பல்லை விரலால் தட்டினார். "இது என் வாயில இருக்கற கலராச்சே!"

"பல் செட்டுக்கு ஈறு செய்யற அதே சாமான்தான் சார்."

அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "இரும்புக் குண்டுன்னீங்களே?" டார்ச் அட்டையில் இருந்த பேரை அடித்துவிட்டு அவள் பேரைக் கேட்டார். அவள் முதலெழுத்தையும் சேர்த்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். அப்புறம் அவர் சொன்ன சொல் மாறாமல் இரண்டு மதிப்பெண்ணையும் குறைத்தார். இரண்டாம் பரிசு.

வீடு வரும் வழியெல்லாம் அண்ணன் புலம்பினான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதும் விடவில்லை. "வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா முதல் பரிசு நம்ம வீட்டுக்கு வந்திருக்கும்."

"வந்திருக்கும், உங்க பேர்ல" என்றாள் அண்ணி, உள்ளேயிருந்து.

"அந்தக் கீறலையாவது பெயின்ட் வச்சு மூடித் தொலை. பாக்க அசிங்கமா இருக்கு."

அவள் மூடவில்லை. மறுநாள் கூடத்திலிருந்து பல் அச்சுக்கு ஊற்றும் மாவைக் கொண்டுவந்து, விமானத்தின் முதுகு அலுங்காமல் படுக்க ஒரு தொட்டில் வார்த்தாள். முன்னறையில், வருகிறவர் போகிறவர் கண்ணில் படும் இடத்தில், சக்கரம் மேலே தெரிய மல்லாத்தி வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் ஆபீஸ் நண்பர் வந்தார். ஏழு மாதமாகப் போனில் படம் பார்த்தவர். செருப்பைக் கழற்றியதும் நேராக அதனிடம்தான் போனார்.

"என்னப்பா, நீ செஞ்ச விமானம் இப்படி மல்லாந்து கெடக்கு? உள்ள ஏதோ ரோஸ் கலரா வேற தெரியுது?"

அண்ணன் சமையலறைப் பக்கம் பார்த்தான். அண்ணி குழாயை மூடிவிட்டு நிலைப்படிக்கு வந்து நின்றாள். ஜன்னலோரம் அடுத்த பெட்டியின் துண்டுகளைச் சீவிக்கொண்டிருந்த அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கோபம் கொஞ்சமும் ஆறியிருக்கவில்லை.

"கேக்கறார் இல்ல? சொல்லுண்ணா" என்றாள்.