கையுறை போடாத கை

1
இந்தக் கதை ஒரு மன்னிப்பிலிருந்து பிறந்தது. கேட்டது நானல்ல.

அக்காவின் மார்பிலிருந்து எடுத்த கட்டியில் ஒரு பகுதியை ஆராய்ச்சிக்குக் கொடுத்திருந்தோம். பரிசோதனைக்கூடத்துப் பெண் மருத்துவமனை வராந்தாவில் எங்களைத் தேடி வந்தாள்.

"அக்கா, தப்பு என்னுதுதான். அவசரத்துல கையுறை போடாம சாம்பிள் இருந்த குழாயைத் திறந்துட்டேன். உங்க சாம்பிள் சிதைஞ்சு போச்சு. மிச்சமிருக்கிற கட்டியில இன்னொரு துண்டு எடுத்துக்கலாமா?"

2
(இங்கே விளக்கம் வேண்டும். மூன்று முறை எழுதி அடித்தேன்.)

செல்லுக்குள் ஆர்என்ஏ என்ற இழைகள் உண்டு. சில, புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும். மற்றவற்றில் பலவற்றைப் பதர் என்று வெகுகாலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்தப் பதரில் சில, மார்பகப் புற்றுச் செல்லை 'கிளம்பு' என்று எலும்புக்கும் நுரையீரலுக்கும் தள்ளிவிடுகின்றன. சில 'இரு' என்று பிடித்து வைக்கின்றன. வெளியே எடுத்துவிட்டாலோ, விரல் பட்டாலே போதும். தோலில் இருக்கும் நொதி அவற்றைச் சிதைத்துவிடும்.

அந்தப் பெண் இதை விளக்கியதைக் கேட்டு அக்கா சிரித்தாள். "ஏம்மா, உன் விரல் பட்டா செத்துப்போறதா என்னை இந்தப் பாடு படுத்துது? ஒரு நாள் உள்ள வந்து கையை விட்டுட்டுப் போயேன்!"

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அழுதாள்.

3
முதல் வரைவில் அவளைத் தவறை மறைப்பவளாக்கினேன். கதைக்கு ஒரு வில்லி வேண்டாமா?

அவள் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, குழாயை

அதற்கு மேல் ஓடவில்லை. அவள் மறைத்திருந்தால் சிதைந்த துண்டு சொன்ன பொய், அக்காவின் பரிசோதனை முடிவாகப் பதிவாகியிருக்கும். பின்னால் வரும் முகம் தெரியாத யாரோ ஒரு நோயாளியை அது தவறான வழியில் அனுப்பியிருக்கும். அந்த அரை வாக்கியத்தை அழிக்காமல் விட்டிருக்கிறேன். எதையும் உண்டாக்காத வரிக்கும் ஏதோ வேலை இருக்கிறது.

4
எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று வெள்ளிக்கிழமை ஸ்கேன் சொல்லும். இன்று புதன்.

முடிவு ஒன்று: பரவவில்லை.
முடிவு இரண்டு: (எழுத மாட்டேன்.)

அக்கா இதுவரை படித்தாள். தாளை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இந்த ஆராய்ச்சியால எனக்கு ஒரு பலனும் கிடைக்கப்போறதில்லைன்னு எழுதினியாடா?"

"இல்லக்கா."

"எழுது. தெரிஞ்சேதான் குடுத்தேன்னும் எழுது. எனக்கு முன்னாடி யாரோ குடுத்ததாலதானே எனக்கு மருந்துன்னு ஒண்ணு இருக்கு? அவங்களுக்கு நான் எங்க போய் நன்றி சொல்றது?"

எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமையை, வாசகரே, உங்கள் கையில் தருகிறேன். கையுறை போட்டுக்கொண்டு தொடுங்கள்.