அம்சவேணிக்கு முதலிடம்

“ஏனுங்க, என்ற பேரப் பத்தாவதாப் போட்டிருந்தாக்கூட—”

“அஞ்சு பேரு பாராட்டி எழுதியிருக்காங்க, நானா கூட்டி—”

“சொல்ல உடுங்க! மொத எடம் எப்படீங்க வரும்?”

“எண்ணிப் பாரு. மத்த கேசட்டுக்கு மூணு, நாலு. உன்றதுக்கு அஞ்சு.”

அம்சவேணி நம்பவில்லை. வருஷம் முழுக்கப் பத்திரிகை விமர்சனங்களைக் கத்தரித்து வைத்து, அதிகம் பாராட்டு வாங்கிய பத்துக் கேசட்டுகளை டிசம்பர் கடைசியில் வரிசைப்படுத்துவது குன்னூர் இசை மன்றத்தின் வழக்கம். முதலாவதாக வந்தவர் பொங்கலுக்கு மன்ற மேடையில் பாடவேண்டும். எட்டு வருஷமாகப் பட்டியல் போடுகிறவர் அவள் புருஷன் நஞ்சப்பன்.

இந்த எண்பத்தாறில்தான் அவளுடைய முதல் கேசட் வந்தது. பஜாரில் ஒரு கடையிலும் அது ஒலித்து அவள் கேட்டதில்லை. அப்படிப்பட்டது அஞ்சு ஊர் விமர்சகர்கள் காதுக்கு மட்டும் எப்படிப் போய்ச் சேர்ந்தது?

“மேடையேறி நிக்கப்போறவ நானுங்க. என்ற பாட்டு நெசமாலுமே நல்லாருக்குதான்னு எனக்குத் தெரிஞ்சாகோணும். அந்தத் துண்டுகளக் குடுங்க.”

“மன்றத்து லூயிஸ் இப்ப வந்துருவாரு. பட்டியல டைப்படிக்கக் குடுக்கோணும்.”

“வந்தா உக்காரட்டும். குடுங்க.”

திருச்சி மாத இதழ்: ‘குரலில் நல்ல கனம். விழுங்கிய பின்னும் நாவில் நிற்கிறது.’

“பாட்டை விழுங்குனாங்களாமா?”

“ஒரு அழகுக்கு எழுதறதுதான்.”

சேலத்துக்காரர்: ‘பளிச்சென்ற நிறம். பிரிஸ்க்கான தொகுப்பு.’

மதுரைக்காரர்: ‘மூன்றாம் பாட்டில் மட்டும் காய்ச்சல் சற்றுக் கூடிவிட்டது.’

அம்சவேணி அந்த வரியை விரலால் அழுத்திக்கொண்டாள். தேயிலை ஏலக் கம்பெனியில் இருபது வருஷமாக டீ ருசி பார்க்கிறவர் நஞ்சப்பன். ஒரு நாளைக்கு இருநூறு கோப்பை உறிஞ்சித் துப்பிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் கனம், நிறம், நாக்கைச் சுண்டும் பிரிஸ்க் என்று குறிப்பெழுதுவார். வீட்டு ரசத்துக்கும் அதே தீர்ப்புத்தான்.

“டிரையர்ல சூடு மிஞ்சிப்போன தூளுக்கல்லோ காய்ச்சல் அதிகம்பீங்க? மதுரையில இருக்கறவருக்கு அது எப்படீங்க தெரிஞ்சுது?”

“கீழ பேரு இருக்குதல்லோ. சில்வஸ்டர்னு.”

“என்ன பேருதான் போடமுடியாது? நான்கூட நாளைக்கு மூக்கம்மான்னு எழுதுவேன்.”

“சும்மா சந்தேகப்படாத, அம்சா. அந்த மூணாவது பாட்டுல நீ கொஞ்சம் அழுத்தித்தான் பாடீட்ட. உள்ளதத்தான எழுதி...”

நஞ்சப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைக்க ஆரம்பித்தார்.

வெளியே லூயிஸின் ஸ்கூட்டர் வந்து நின்றது. இன்னும் படிக்காத இரண்டு துண்டுகளை அம்சவேணி மடி மேல் கவிழ்த்து வைத்தாள். திருப்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

“இன்னும் ரெண்டு இருக்குதுங்க. அதுல ஒண்ணாவது நீங்க எழுதாததுங்களா?”